இரண்டு விரல் சந்து

போன வாரம் ஜவ்வாது மலையில் ஒரு கல்யாண வீட்டு வாசல். ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு பெண்மணி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு மழுப்பி மழுப்பிப் பதில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பதில் சொல்ல என் கையில் ஒரு தேங்காய் மட்டும்தான் இருந்தது.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

என்னை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் காரைத் தெரிந்திருக்கும். செங்கத்தில் என் மருந்துக்கடை வாசலில் வெயிலில் நிற்குமே, அந்தச் சின்ன வெள்ளைக் கார்தான். எட்டு வருஷமாக அது என்னைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நானும் அதைக் குறை சொன்னதில்லை... மூன்று மாதத்துக்கு முன்னால் என் செல்போன் ஒரு வீடியோவைக் காட்டும் வரைக்கும்.

வீடியோவில் என் காரைப் போலவே ஒரு கார். ஆனால் சக்கரம் பெரியது. மட்கார்டு வளைவுக்குள் இம்மி இடம் விடாமல் கம்மென்று உட்கார்ந்திருந்தது. பார்த்துவிட்டு வெளியே வந்து என் காரைப் பார்த்தேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சந்து! எட்டு வருஷமாக அது என் கண்ணில் பட்டதே இல்லை. அன்றைக்குப் பட்ட பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

உங்களுக்கு இப்படி ஆனதில்லையா? பக்கத்து வீட்டில் டைல்ஸ் போடும் வரை நம் வீட்டுத் தரை நன்றாகத்தானே இருக்கிறது?

அடுத்த பதினைந்து நாளும் கடையில் மருந்துச் சீட்டுகளைவிட டயர் அளவுகளைத்தான் அதிகம் படித்தேன். பதினான்கு இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு இஞ்ச் அலாய் வீல், அகலமான டயர் என்று முடிவாயிற்று. மனைவி கேட்டாள்:

"சக்கரம் பெருசானா உள்ள எடம் பெருசாவுமாங்க?"

"அதெல்லாம் ஆகாது. லுக் மாறும்."

"உள்ள உக்கார்றவங்களுக்கு அது தெரியுமா?"

ரசனை இல்லாதவர்களோடு விவாதம் செய்து பயனில்லை என்று பேப்பரை விரித்துக்கொண்டேன்.

சக்கரம் வந்தது. மாட்டினோம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் இடித்தது. வீடியோக்காரர் இதைச் சொல்லவே இல்லை. வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு எங்கள் ஊர் டிங்கர் பாயிடம் போனேன்.

பாய் டேப் வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. எல்லாமே விரல் கணக்குதான். குனிந்து, டயருக்கு மேலே விரலை விட்டுப் பார்த்துவிட்டு விளக்கினார். மட்கார்டின் விளிம்பில் தகடு உள்பக்கமாக மடிந்திருக்கும். டயர் முதலில் இடிப்பது அந்த மடிப்பில்தான். பெயின்ட் வெடிக்காமல் சூடு காட்டி, அதை மேலே அழுத்திப் படுக்க வைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் கிரைண்டர். வெட்டின இடம் தெரியாமல் இருக்க மேலே கறுப்பு ரப்பர் வளைவு ஒன்றை வைத்து ஸ்க்ரூ அடிக்க வேண்டும்.

"இது இன்னாத்துக்கு ஸார்? வண்டி நல்லாத்தானே கீது?"

"லுக் பாய்."

"சரி... அப்ப நாலு பக்கமும் ரெண்டு விரல் வெட்டணும்."

நான் பதறிவிட்டேன். இரண்டு விரல் வெட்டினால் மறுபடியும் சந்து தெரியுமே? அந்தச் சந்தை ஒழிக்கத்தானே இவ்வளவு பாடு?

"ஒரு விரல் போதும் பாய்."

"காலி வண்டிக்குப் போதும் ஸார். ஆள் ஏறினா வண்டி உக்காரும் இல்ல? நாளைக்கு வூட்ல கீறவங்க, கடையில கீறவங்க எல்லாரயும் இட்டுனு வாங்க. உள்ள உக்கார வெச்சி, ஸ்டீயரிங்க ஃபுல்லா ஒடிச்சிப் பாத்துட்டு அப்பால வெட்லாம்."

"என் வண்டியில யாரு பாய் ஏறப் போறாங்க? நான் ஒருத்தன்தான்."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒரு விரல்தான் வெட்டினார்.

அடடா, அந்த அழகை என்ன சொல்ல! ஸ்டீயரிங் கொஞ்சம் கனத்துவிட்டது, மைலேஜ் குறைந்துவிட்டது, ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி கூடுதல் வேகத்தில் ஓடியது. அதனால் என்ன? டீக்கடைக்கு நடந்து போகிற தூரத்துக்கும் காரை எடுத்தேன். எதிரே உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே என் காரை நானே பார்த்தேன். ஒருவர் "வண்டி புதுசா சார்?" என்று கேட்டார். அன்றைக்கு இரண்டாவது டீயும் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் கோவிந்தராஜுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

கோவிந்தராஜ் என் கடையில் எட்டு வருஷமாக இருக்கிறான். தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. அவன் அப்பா காலத்தில் மலையை விட்டு அடிவாரத்துக்கு இறங்கிய குடும்பம். அம்மா முனியம்மா ஆறு வருஷமாகப் பெண் தேடி, கடைசியில் மலை மேலேயே கிடைத்தது. புதூர்நாட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெண் அங்கேயே நர்ஸாக வேலை செய்கிறாள். ஆனியின் கடைசி முகூர்த்தம், ஏழரையிலிருந்து ஒன்பது மணி. பெண்ணின் பெரியப்பா கண்டிப்பானவர். நேரம் தவறினால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஆவணியில்தான் பேச்சு என்று அப்போதே சொல்லிவிட்டார்.

சொந்தக்காரர்கள் முந்தின நாளே வேனில் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையும் அம்மாவும் காலையில் போக, மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிற அண்ணாமலையின் ஜீப்பைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஜீப்பை எனக்குத் தெரியும். சக்கரம் ஒல்லி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு குடத்தையே வைக்கலாம் என்று கடையில் உட்கார்ந்து நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

"ஜீப்பா? கோவிந்தா, மாப்பிள்ளை போய் ஜீப்லயா இறங்கறது? என் வண்டி எதுக்கு இருக்கு?"

"அண்ணா... ஜீப்ப சொல்லிட்டோம்ணா. அண்ணாமல மாமா நமக்குன்னு ட்ரிப்ப நிறுத்தி வெச்சிகீறாரு."

"வேணாம்னு சொல்லிடு."

முதலாளி இப்படிச் சொன்னால் பாவம், அவன் என்ன செய்வான்? ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் பெருந்தன்மையோடு புன்னகை செய்தேன். உதவி செய்கிறோம் என்ற பெயரில் நம் பொருளை நான்கு பேருக்குக் காட்ட வாய்ப்புக் கிடைக்கும்போது நமக்கெல்லாம் எவ்வளவு தாராளம் வந்துவிடுகிறது!

கல்யாண நாள். விடிந்ததும் கிளம்பினோம். காருக்கு மல்லிகைச் சரம், முன்னால் ரோஜா. என் பக்கத்தில் பட்டுச் சட்டையில் கோவிந்தராஜ். பின்னால் முனியம்மா, அத்தை, தாய்மாமன். தாய்மாமன் கொஞ்சம் வாட்டசாட்டமானவர். அவர் ஏறி உட்கார்ந்தபோது வண்டியும் அவரோடு கொஞ்சம் உட்கார்ந்தது.

முதல் ஸ்பீடு பிரேக்கரில் பின்னால் 'கர்ர்ர்' என்றது.

"இன்னா சத்தம் அது?" என்றார் தாய்மாமன்.

"ரோடு சரியில்லைங்க."

மலை ஏறும் இடத்தில் ஒருவர் இரண்டு சிமென்ட் மூட்டைகளோடு நின்றிருந்தார். முனியம்மா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க. நம்ம ஊர்க்காரு. வூடு கட்டினு கீறாரு பாவம்."

எனக்குப் புரியவில்லை. கல்யாணக் காரில் சிமென்ட்டா? ஆனால் மலைப் பழக்கம் அப்படி. எப்போதோ ஒரு பஸ், அதை விட்டால் ஜீப், அதையும் விட்டால் நடை. மேலே போகிற வண்டியில் இடம் இருந்தும் ஏற்றாமல் போகிறவனை அந்த ஊரில் யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். இடம் இருக்கிறதா இல்லையா என்பதையும் ஓட்டுகிறவர் முடிவு செய்வதில்லை... ஏறுகிறவர்தான் முடிவு செய்வார்.

"ரெண்டு மூட்ட தானே தம்பி..."

டிக்கியில் இருந்த சீர்வரிசைத் தட்டுகள் எல்லோர் மடிக்கும் வந்தன. சிமென்ட் டிக்கிக்குப் போனது. சிமென்ட்காரர் பின் சீட்டில் நான்காவது ஆளாகத் தன்னைச் செருகிக்கொண்டு, "வண்டி நல்லா கீதுங்க" என்றார். அந்தப் பாராட்டு ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு சத்தம் நிற்கவே இல்லை. பள்ளத்தில் கர்ர்ர்... மேட்டில் கர்ர்ர்... ரப்பர் கருகும் வாசனை மல்லிகையை ஜெயித்துவிட்டது. அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். முதலில் வந்த கொண்டை ஊசி வளைவுகளை எப்படியோ திருப்பிவிட்டேன். அதற்கு அடுத்தது கொஞ்சம் ஒடுக்கம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன்.

'பட்' என்று ஒரு சத்தம். ரப்பர் வளைவு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து பள்ளத்தில் விழுந்தது. வண்டி முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். வெட்டின தகட்டின் விளிம்பு டயர் மேல் உட்கார்ந்திருந்தது. டயரின் தோள் சீவிய பென்சில் மாதிரி இருந்தது.

"தகடு டயர கடிக்குது. இப்டியே போனா வெடிச்சிரும்" என்றார் தாய்மாமன். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மணி ஏழே முக்கால். போனில் சிக்னல் இல்லை.

பாரத்தைக் குறைக்கலாம் என்றேன். சிமென்ட்டை இறக்கினோம். உரசியது. சிமென்ட்காரர் இறங்கினார். உரசியது. தாய்மாமன் இறங்கினார்... சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. அத்தை இறங்கினார். முனியம்மா இறங்கினார். கடைசியில் என் பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும் இருந்தான். வளைவில் திருப்பினேன். கர்ர்ர். கோவிந்தராஜ் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். அவனாகவே கதவைத் திறந்து இறங்கிக்கொண்டான்.

இப்போது வண்டி சத்தமே இல்லாமல் வளைவைத் தாண்டியது. பாய் வெட்டிக் கொடுத்தது காலி வண்டிக்கான அளவு. அதை அவர் சொல்லியும் இருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். முனியம்மா ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். தாலியை முந்தானை முனையில் முடிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆறு வருசமா தேடினேன் தம்பி..." என்று மட்டும் சொன்னார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்த நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பள்ளத்தில் உருட்டிவிடலாம் என்று இருந்தது. ஒரு பையனின் கல்யாணத்தை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு விரல் தகடு!

எட்டு மணிக்குக் கீழே ஹாரன் சத்தம் கேட்டது. ஜீப். அண்ணாமலையின் ஜீப்தான். நாங்கள் வேண்டாம் என்று சொன்னதால் வழக்கமான ட்ரிப் அடித்துக்கொண்டு வந்தார். உள்ளே, பின்னால், படியில் என்று பதினாறு பேர் இருந்தார்கள்.

"இன்னா மாப்ள, இங்க நின்னுகினு கீற? அங்க மேளம் கொட்றாங்க, இங்க இன்னா வேடிக்க?"

அண்ணாமலை இறங்கி வந்தார். என் சக்கரத்தைப் பார்த்தார். பிய்ந்த இடத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதையும் என்னால் மறக்க முடியவில்லை.

"ஏறுங்க எல்லாரும்."

"எங்கங்க ஏறறது? இடமே இல்லையே?" என்றேன் நான்.

"எடம் கீது."

இருந்தது! பதினாறு பேரும் ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்து அசைந்து கொடுத்தார்கள். முனியம்மா, அத்தை, தாய்மாமன், சிமென்ட்காரர், சீர்வரிசைத் தட்டுகள் எல்லாம் உள்ளே போயின. சிமென்ட்டும் போனது. மாப்பிள்ளைக்குத்தான் சீட் இல்லை. பட்டுச் சட்டையோடு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தான்.

நான் அந்த ஜீப்பின் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக ஏற ஏற, குடம் வைக்கலாம் என்று நான் கிண்டல் செய்த சந்து குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஓர் இடத்தில் நின்றது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். சரியாக இரண்டு விரல். எங்கும் உரசவில்லை.

"இன்னா சார் அளக்கறீங்க?" என்றார் அண்ணாமலை. "அது ஆளுங்க எடம் சார். சக்கரத்துக்குன்னு உட்டது இல்ல."

அப்புறம் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். "உங்க வண்டிதான் காலியா கீதே... வேகமா முன்னாடி போங்க. மாப்ள வர்றாரு, பத்து நிமிசம் பொறுங்கன்னு போய் சொல்லுங்க."

பறந்தேன். காலி வண்டி என்ன அழகாக மலை ஏறியது தெரியுமா? வீடியோவில் வந்தது மாதிரியே இருந்தது. வீடியோவிலும் ஓட்டுகிறவரைத் தவிர உள்ளே யாரும் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கல்யாண வீட்டில் பூச்சரம் கட்டிய காரைப் பார்த்ததும் மேளம் உச்சத்துக்குப் போனது. கேமராக்காரர் விளக்கைப் போட்டார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன்.

மேளம் நின்றது.

"மாப்ள எங்கங்க?" என்றார் தட்டு வைத்திருந்த பெண்மணி.

"பின்னால... ஜீப்ல வர்றாருங்க."

"அவங்கம்மா?"

"ஜீப்லதாங்க."

"தாலி?"

"ஜீப்ல."

"சீர்வரிச?"

"அதுவும்..."

அவர் எட்டிக் காருக்குள் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இந்த வண்டியில இன்னாதாங்க வந்துச்சி?"

நானும் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில், சீர்வரிசைத் தட்டிலிருந்து உருண்ட ஒரு தேங்காய் தனியாகக் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். பெரியப்பா என்னைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டே முக்காலுக்கு ஜீப் வந்தது. மேளக்காரர்கள் ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, உள்ளே மாப்பிள்ளை இருப்பது உறுதியான பிறகுதான் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது.

மணமக்கள் சுற்றி வரும்போது கோவிந்தராஜின் வேட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சிமென்ட் வட்டமாக அப்பியிருந்தது. மணப்பெண் அதைப் பார்த்துவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும், சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு தட்டுத் தட்டித் துடைத்துவிட்டாள். பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி.

இந்தத் திங்கட்கிழமை பாயிடம் போனேன். அவர் மறுபடியும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பள்ளத்தில் போன ரப்பர் வளைவு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். வெட்டின தகடு திரும்ப வருமா? இப்போது சின்னச் சக்கரம், பெரிய வளைவு. அந்தச் சந்தில் கையே நுழைகிறது. அலாய் வீலை மொட்டைமாடியில் போட்டு மனைவி அதன் மேல் செடித்தொட்டி வைத்திருக்கிறாள். மாடியின் லுக் மாறியிருக்கிறது, உண்மையிலேயே.

நேற்று முனியம்மா கடைக்கு வந்தார். ஆடிச் சீருக்குப் பெண்ணையும் பையனையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்களாம். நானும் அவசியம் வர வேண்டுமாம். அண்ணாமலை ஜீப்பில் எனக்கென்று ஒரு இடம் சொல்லி வைத்தாகிவிட்டதாம்.

"என் வண்டி இப்ப சரியாயிடுச்சிம்மா... எத்தனை பேர் வேணாலும் ஏறலாம்" என்று இழுத்தேன்.

முனியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "வண்டி வூட்லயே இருக்கட்டும் தம்பி. நீங்க வாங்க, அது போதும்."

படி இறங்கினவர் திரும்பி நின்றார்.

"தேங்கா மட்டும் நீங்க எடுத்துனு வந்துருங்க... அது உங்களுக்குப் பழக்கம்தானே?"